சுரைக்காய்ப் பெண்ணைத் திருத்திய கைலாசம்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் அந்தக் காலத்தில் நாடக வாத்தியார் என்றால் கைலாசம்தான். அவர் வாழ்நாளில் முழுசாக எழுதியது ஒரே ஒரு நாடகம். அந்தக் கதையும் அவருடையது அல்ல. அதை இருபது வருஷம் துவைத்துப் பிழிந்து, ஊருக்கு ஒரு சாயம் ஏற்றி விற்றுக்கொண்டிருந்தார். யாராவது கேட்டால், "காலத்துக்குத் தக்கபடி கதையைத் திருத்த வேண்டாமா?" என்பார். ஏதோ ஊர்ப் போக்கிரியைப் பிடித்து நல்வழிப்படுத்துகிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொல்வார்.

பிறந்தது ஆட்டையாம்பட்டியில், தறிக்காரர் வீட்டில். தறிக்குழிக்குள் காலை விட்டால் அவருக்கு இடுப்புப் பிடித்துக்கொள்ளும். நாடகக் கொட்டகையில் விடிய விடிய நின்றால் ஒன்றும் செய்யாது. மீசை முளைக்காத வயதில் ஒரு கம்பெனிக்காரன் பெண் வேஷத்துக்கென்று கூட்டிப் போனான். மீசை முளைத்ததும் திரைக்குப் பின்னால் தள்ளி, வசனம் மறந்தவர்களுக்கு எடுத்துக் கொடுக்கச் சொன்னான். அங்கேயே பல வருஷம் நின்றார். அடுத்தவன் பேச்சைக் கிசுகிசுத்தே பழகியதில், அதெல்லாம் தன்னுடைய பேச்சுதான் என்ற எண்ணம் அவருக்கு வந்துவிட்டது. நம் நாட்டில் எழுத்தாளர் உண்டாவதற்கு இதைவிட மோசமான வழிகளும் இருக்கின்றன.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழாம் வருஷம் சொந்தக் கம்பெனி ஆரம்பித்தார். போடுவதற்குக் கதை வேண்டும். புராணக் கதை போட்டால் பெரிய கம்பெனிகளோடு மோத வேண்டும். அதனால் எல்லோருக்கும் தெரிந்த சுரைக்காய்ப் பெண் கதையை எடுத்தார்.

அந்தக் கதை எங்கள் பக்கத்தில் இப்படிப் போகும். பிள்ளை இல்லாத ஏழைக் கிழவன் கிழவி கூரையில் ஒரு சுரைக்கொடி. அதில் ஒரே ஒரு காய். அதைப் பறிக்க மனசு வராமல் பிள்ளை மாதிரி வளர்க்கிறார்கள். இரண்டு பேரும் வேலைக்குப் போன பிறகு காய்க்குள்ளிருந்து ஒரு பெண் வெளியே வந்து, வீடு கூட்டி, சோறாக்கி வைத்துவிட்டு, மறுபடி ஓட்டுக்குள் புகுந்துகொள்வாள். ஒரு பாளையக்காரன் மகன் இதை ஒளிந்திருந்து பார்த்துவிட்டு, கட்டினால் அந்தச் சுரைக்காயைத்தான் கட்டுவேன் என்று பிடிவாதம் பிடித்துக் கட்டிக்கொள்கிறான். பிறகு ஒருநாள் அவள் வெளியே வந்த நேரம் பார்த்து ஓட்டை அடுப்பில் போட்டு எரித்துவிடுகிறான். இதுவரைக்கும் எல்லா ஊரிலும் ஒரே கதைதான். இதற்குப் பிறகு நடப்பதையும், அவள் செய்த வேலையையும் ஊருக்கு ஒரு மாதிரி சொல்வார்கள். குடியானவர்கள் சொன்னால் அவள் காட்டில் களை எடுப்பாள். நெசவாளர்கள் சொன்னால் தறிக்கு நூலைத் தார் சுற்றுவாள்.

திரையும் உடுப்பும் வாங்கக் கைலாசம் திருச்செங்கோட்டுப் பக்கம் பெரிய பண்ணையம் வைத்திருந்த கருப்பண்ணக் கவுண்டரிடம் போனார். கவுண்டர் கயிற்றுக் கட்டிலில் படுத்தபடியே முழுக் கதையையும் கேட்டார்.

"அந்தச் சுரைக்காய் எவன் ஊட்டுல காச்சுதுன்னு சொன்னே?"

"ஒரு ஏழைக் கிழவன் கூரையிலீங்க."

"ஏழை எதுக்கு? நான் திரை வாங்கிக் குடுத்து, தொறந்தா கூரை ஊடா? பாக்கறவன் என்னையல்லோ ஏழைன்னு நெனப்பான்! மச்சு ஊட்டுல காய்க்கட்டும்."

"மச்சு மேல சுரைக்கொடி..."

"ஏன், ஏறாதா?"

"ஏறுமுங்க," என்றார் கைலாசம்.

"அப்பறம், சுரைக்காய் பாக்கறதுக்கு லட்சணமா இல்ல. தங்க முலாம் பூசு. ஓட்டை எரிச்சதும் அந்தப் புள்ள புருசன் கால்ல உழுந்து, 'சாமி, எனக்குப் புத்தி வந்துருச்சு'ன்னு சொல்லோணும். கேக்கறவனுக்கு ஒரு படிப்பினை வேணுமல்லோ?"

"அதையேதானுங்க நானும் நெனச்சிட்டு வந்தேன்," என்றார் வாத்தியார். அவர் அப்படி ஒன்றும் நினைத்து வரவில்லை என்பது கவுண்டருக்கும் தெரியும், கட்டிலடியில் படுத்திருந்த நாய்க்கும் தெரியும்.

நாடகம் தங்கச் சுரைக்காயோடு அரங்கேறியது. மூங்கில் கட்டி, காகிதம் ஒட்டி, பளபளவென்று சாயம் பூசிய காய். ஓர் ஆள் உள்ளே குந்தலாம். பெண் வேஷம் வேலுமணி என்கிற ஆள். காலையில் மழித்தால் சாயங்காலம் தாடையில் பச்சை பாயும். அந்தத் தாடையோடு அவன் கவுண்டர் கேட்ட வசனத்தைச் சொல்லிக் காலில் விழுந்தான். முன் பாயில் உட்கார்ந்திருந்த பெரிய மனிதர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

முப்பதாம் வருஷம் சௌந்திரம் வந்து சேர்ந்தாள். எடப்பாடிக்காரி. கட்டினவன் விட்டுவிட்டுப் போய்விட்டான். நூல் சுற்றிப் பிழைத்துக்கொண்டிருந்தவள், நல்ல குரல் இருந்ததால் நாடகத்துக்கு வந்தாள். மேடை ஏறுகிற பெண்ணை ஊர் என்ன பேர் சொல்லிக் கூப்பிடுமோ அதையெல்லாம் சொல்லிக் கூப்பிட்டது. கூப்பிட்ட வாய்கள்தான் முன்வரிசைக்கு அடித்துப் பிடித்து டிக்கெட் வாங்கின.

ஒத்திகையில் காலில் விழுகிற இடம் வந்ததும் அவள் நின்றுவிட்டாள்.

"ஏனுங்க வாத்தியாரே, முடிவு இப்பிடி இல்லீங்களே."

"வேற எப்படி?"

"எங்கூர்ப் பொம்பளைங்க நூல் சுத்தறப்பச் சொல்றது வேறீங்க. ஓட்டை எரிச்ச அன்னைக்கு அவ ஒரு வார்த்தை பேச மாட்டா. சோறாக்கி எறக்கி வெச்சிட்டு, தண்ணிக்குப் போறேன்னு கொடத்த எடுத்துட்டுப் போயிருவா. திரும்பி வரமாட்டா. அடுத்த மழைக்கு அவம் ஊட்டச் சுத்தியும் சுரைக்கொடியா மொளைக்கும். கொடி தாங்காம காய். எதுக்குள்ள அவ இருக்கறான்னு அவனுக்குத் தெரியாது. ஒவ்வொண்ணா வெட்டிப் பாப்பான். வெறும் வெதைதான் இருக்கும். இன்னமும் வெட்டிக்கிட்டேதான் இருக்கறானாமுங்க."

கைலாசம் சிரித்தார்.

"இதைப் போட்டா எந்த ஆம்பளை ரெண்டாந்தடவை வருவான்?"

"பொம்பளைங்க வருவாங்களே."

"பொம்பளைக்கு டிக்கெட் எடுத்துக் கொடுக்கிறவன் யாரு?"

அவள் எழுதியபடியே நாடகப் புருஷன் காலில் விழுந்தாள். நன்றாகவே விழுந்தாள்.

அதன்பிறகு கதைக்குத் திருத்தத்துக்கு மேல் திருத்தம். சீமைத் துணியைக் கொளுத்துகிற காலம் வந்தது. உடனே ஓட்டுக்குள் இருந்த பெண் சீமைப் பட்டு கட்டினாள். புருஷன் ஓட்டோடு சேர்த்துப் பட்டையும் கொளுத்த, கதர்ச் சேலையில் எழுந்து நின்று தேசபக்திப் பாட்டுப் பாடினாள். ஜனங்கள் ஆரவாரம் செய்தார்கள். நான்காம் ஆட்டத்துக்கு முன்னால் ஓர் இன்ஸ்பெக்டர் கைலாசத்தை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டுப் பெஞ்சில் உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, இரண்டு வார்த்தை சொல்லி அனுப்பினார். அன்றைய ஆட்டத்தில் பட்டு எரியவில்லை. பெண் முருகன் மேல் ஒரு பாட்டுப் பாடினாள். "கலைஞன் வளைந்து கொடுக்கணும்," என்றார் வாத்தியார். அவர் நிமிர்ந்து நின்று யாரும் பார்த்ததில்லை என்பதால், வளைந்தது எங்கே என்று கண்டுபிடிப்பது சிரமம்.

இதற்குள் இன்னொரு தந்திரமும் கற்றிருந்தார். குடியானவர் ஊரில் போட்டால் பெண் களை எடுப்பாள். நெசவாளர் ஊரில் போட்டால் ராட்டை சுற்றுவாள். இரண்டு ஊர்க்காரர்களும், "பாரு, அவ நம்ம புள்ள," என்று மார்தட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். பாட்டு ஒன்றுதான். கையில் பிடிக்கிற சாமான்தான் வேறு.

முப்பத்துநாலில் ராசிபுரத்துத் திருவிழாவுக்குக் கூப்பிட்டார்கள். அங்கே இரண்டு கூட்டமும் வரும். கைலாசம் இரண்டு நாள் சோறில்லாமல் யோசித்து ஒரு சமரசம் கண்டுபிடித்தார். முதல் காட்சியில் களைக்கொத்து, இரண்டாம் காட்சியில் ராட்டை.

களைக்கொத்து வந்ததும் குடியானவர் பக்கம் விசில் பறந்தது. ராட்டை வந்ததும் நெசவாளர் பக்கம் கைதட்டல். இரண்டும் சேர்ந்து நடுவில் முட்டிக்கொண்டன.

"எங்கூட்டுப் புள்ள எதுக்குடா ராட்டையில குந்தறா?"

"எப்படா அவ உங்கூட்டுப் புள்ளையானா?"

"தங்கச் சுரைக்காய் தறிக்காரன் ஊட்டுலயா காய்க்கும்?"

முதலில் துண்டு பறந்தது. பிறகு செருப்பு. பிறகு பந்தல் மூங்கிலைப் பிடுங்கினார்கள். காகிதத்தில் செய்த ஒரு காய்க்குள் இருந்ததாகச் சொல்லப்படுகிற, இல்லவே இல்லாத ஒரு பெண் எந்தச் சாதி என்பதற்காக, வீட்டில் இருக்கிற பெண்ணுக்கு ஒரு நல்ல சேலை எடுத்துக் கொடுக்காத ஆம்பளைகள் ஒருவன் மண்டையை ஒருவன் உடைத்துக்கொண்டார்கள்.

கைலாசம் மேடைக்கு ஓடி வந்து, "மகா ஜனங்களே, ரெண்டு பேருக்கும் சொந்தம்னு வெச்சுக்குவோமே!" என்று கத்தினார். ஒரு தேங்காய் மூடி வந்து நெற்றியில் பட்டது. சுற்றிப் பார்த்தார். பக்கத்தில் இருந்த ஒரே மறைப்பு தங்கச் சுரைக்காய். அதற்குள் புகுந்து மூடிக்கொண்டார்.

சௌந்திரம் மட்டும் மேடையில் நின்றாள். சண்டை பந்தலுக்கு வெளியே வீதிக்கு நகர்ந்துவிட்டது. பெண்கள் பக்கத்தில் யாரும் எழுந்திருக்கவில்லை. பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கே போவது? கூட்டிப் போகிறவன் அடி கொடுத்துக்கொண்டோ வாங்கிக்கொண்டோ இருக்கிறான்.

முன்னால் இருந்த ஒருத்தி கேட்டாள். "ஏனம்மணி, அவ்வளவுதானா கதை?"

சௌந்திரம் மேடை ஓரத்துக்கு வந்து, காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தாள். வசனமாகச் சொல்லவில்லை. நூல் சுற்றும்போது சொல்கிற மாதிரியே சொன்னாள். ஓட்டை எரித்தது, அவள் பேசாமல் சோறாக்கியது, குடத்தை எடுத்தது. "தண்ணிக்குப் போறேன்னு சொன்னா..." என்று அவள் நிறுத்தியபோது, களை எடுக்கிற வீட்டுப் பெண்ணும் தார் சுற்றுகிற வீட்டுப் பெண்ணும் ஒரே நேரத்தில், "போயிட்டா," என்றார்கள். அவர்களுக்கெல்லாம் அந்த முடிவு முன்பே தெரியும். புருஷன்மாருக்கு யாரும் சொன்னதில்லை, அவ்வளவுதான். வெட்டுகிற இடம் வந்ததும் ஒருத்தி வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு பந்தல் முழுக்கச் சிரிப்பு. சட்டை கிழிந்து திரும்பி வந்த ஆம்பளைகள் என்ன நடக்கிறதென்று புரியாமல், தங்களைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்களோ என்று துண்டைச் சரிசெய்துகொண்டார்கள்.

சுரைக்காய்க்குள் இருந்த கைலாசம் எல்லாவற்றையும் கேட்டார். வெளியே வந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது என்று வேலுமணி பின்னால் சொன்னான். காகிதத்துக்குப் பூசிய சாயத்தின் நெடியாகவும் இருக்கலாம்.

அந்த ராத்திரி அவர் எதையாவது கற்றுக்கொண்டிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே இருக்காது. கற்றார், பெண்கள் தனியாகவும் டிக்கெட் வாங்குவார்கள் என்று கற்றார். அடுத்த மாதமே 'ஸ்திரீகளுக்கு மட்டும் பகல் காட்சி' என்று நோட்டீஸ் போட்டார். சௌந்திரம் சொன்ன முடிவையே வைத்தார், ஒரே ஒரு திருத்தத்தோடு. புருஷன் நூறாவது காயை வெட்டப் போகும்போது அவள் தானாக வெளியே வந்து, "உங்கள் கை வலிக்குமே, நாதா!" என்று சொல்லிக் காலில் விழுவாள்.

சௌந்திரம் அந்தத் தாளை வாங்கிப் படித்துப் பார்த்தாள்.

"இதை நான் சொல்ல மாட்டேனுங்க."

"இத்தனை வருஷம் விழுந்தியே?"

"அது உங்க கதைங்க. உழுந்தேன். இது எங்கது."

"கதை என்ன உங்கப்பன் வீட்டுச் சொத்தா? ஊர்க் கதை. யாரும் திருத்தலாம்."

"திருத்துங்க. ஆளு வேற பாத்துக்குங்க." மறுநாள் காலை எடப்பாடி பஸ் ஏறிவிட்டாள்.

வேலுமணி மறுபடி தாடையை மழித்துக்கொண்டு வந்தான். பெண்கள் இரண்டு காட்சி வந்து பார்த்தார்கள். மூன்றாவது காட்சிக்கு வரவில்லை. "பொம்பளைகளுக்கு ரசனை போதாது," என்று கைலாசம் தீர்ப்புச் சொன்னார்.

சேலம் ஜில்லாவில் மட்டும் மதுவிலக்கு வந்தபோது சுரைக்காய் கள்ளுக் குடுக்கையாயிற்று. குடிகாரப் புருஷன் அதை உடைக்க, உள்ளிருந்து லட்சுமி மாதிரி மனைவி வருவாள். அந்த வசனத்தை வாத்தியார் எழுதியது, ஜில்லா எல்லைக்கு அந்தப் பக்கம் போய் ஒரு குடுக்கை ஏற்றிக்கொண்டு வந்த பிறகுதான். யுத்தம் வந்தபோது சண்டை நிதிக்காக ஒரு காட்சி கேட்டார்கள். பெண் குண்டுவீச்சுக்குப் பயந்து சுரைக்காய்க்குள் பதுங்கினாள். புருஷன் குண்டுவீச்சுக் காவல் படையின் ஏ.ஆர்.பி. தொப்பி போட்டுக்கொண்டு வந்து மீட்டான். எரித்தவனே மீட்பவன் ஆனான். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

யுத்தம் முடிகிற சமயத்தில், டாக்கி என்கிற பேசும் படம் எடுக்கக் கிளம்பிய ஒரு புதுக் கம்பெனியிலிருந்து ஆள் வந்தது. மானேஜர் பெயர் வெங்கடாசலம். கைலாசம் சலவை வேட்டி கட்டிக்கொண்டு போனார்.

"கதை பிரமாதம் சார்," என்றார் மானேஜர். "ஒரே ஒரு சின்ன மாற்றம். சுரைக்காய் வேண்டாம்."

"வேண்டாமா?"

"காயிலிருந்து பெண் வருகிறாள் என்றால் படித்தவர்கள் சிரிப்பார்கள். நம் கதாநாயகி பங்களாவில் இருக்கிறாள். ஓட்டுக்குப் பதிலாக மோட்டார் கார். கதாநாயகன் காரை எரிக்கிறான். எப்படி?"

கைலாசம் வேட்டி மடிப்பை நீவி விட்டுக்கொண்டார். பிறகு, "கார்னா இன்னும் நல்லாவே எரியும்," என்றார்.

படம் வந்தது. முதல் நாள் போய் உட்கார்ந்தார். திரையில் ஒவ்வொரு பெயராக ஓடியது. பாட்டு எழுதியவர், ஒலி பிடித்தவர், துணி தைத்தவர் வரைக்கும் வந்தது. அவர் பெயர் இல்லை. இடைவேளைக்கு முன்பே வெளியே வந்து, சோடா கடை ஓரத்தில் நின்றார். மனசு ஆறவில்லை. கதையை இவர்கள் இப்படிச் செய்துவிட்டார்களே என்றல்ல. கதை யாருடையது என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லையே என்றுதான். அவருக்கே ஒருநாளும் தோன்றாத கேள்வி அது.

ஒரு மாதம் கழித்து எடப்பாடிக்குப் போனார். சௌந்திரம் சந்தைக்குப் பக்கத்தில் இட்லிக் கடை போட்டிருந்தாள். பெருத்திருந்தாள். நன்றாக இருந்தாள். இலை போட்டு, நாலு இட்லி வைத்து, சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் ஒன்றும் கேட்கவில்லை.

"சௌந்திரம், அந்தக் கதை முதல்ல எப்படி ஆரம்பிக்கும்?" என்றார் கைலாசம்.

"எந்தக் கதைங்க?"

"நம்ம கதைதான். மச்சு வீடா, பங்களாவா? காய் யாருக்குக் காய்ச்சுது? எனக்கு எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கலந்துபோச்சு."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அடுப்பில் அடுத்த ஈடு இட்லி வெந்துகொண்டிருந்தது. உட்கார்ந்து, ஏழைக் கிழவன் கூரையில் தொடங்கி, வெட்டி வெட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறவன் வரைக்கும் சொன்னாள். அவர் கன்னத்தில் கை வைத்துக் கேட்டார். முடிந்ததும் பெருமூச்சு விட்டார்.

"நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு. கடைசியில மட்டும் லேசா..."

"எந்திரிங்க வாத்தியாரே," என்றாள் சௌந்திரம். "பஸ்ஸுக்கு நேரமாச்சு."

நாற்பத்தெட்டில் மஞ்சள் காமாலையில் கைலாசம் இறந்துபோனார். செவ்வாய்ப்பேட்டை மண்டி வீதியில் அனுதாபக் கூட்டம் போட்டார்கள். நானும் போயிருந்தேன். கருப்பண்ணக் கவுண்டரைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்கள். கைலாசத்தின் கதையை அப்படியே, ஒரு எழுத்து மாற்றாமல் மேடையேற்றியது தான்தான் என்றார். கதர்ச் சட்டைக்காரர் ஒருவர், வாத்தியார் தேசத்துக்காகச் சிறைக்கொட்டடியில் ரத்தம் சிந்தியவர் என்றார். அந்தப் பெஞ்சும் டீயும் கொட்டடியாகிவிட்டன. இன்னொருவர், கள்ளை மூக்கால் முகர்ந்தும் அறியாத உத்தமர் என்றார். கூட்டம் ஒவ்வொன்றுக்கும் கைதட்டியது.

எடப்பாடியிலிருந்து சௌந்திரம் வந்திருந்தாள். அவளையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். மைக்கைப் பார்த்துக் கூசாமல் நின்றாள்.

"வாத்தியாரு என்ர கடையில நாலு இட்லி திங்கறப்ப, இன்னொண்ணு கேக்கக் கூச்சப்பட்டாருங்க. நானாத்தான் வெச்சேன். அவரை எனக்குத் தெரியுமுங்க. நீங்கெல்லாம் இவ்வளவு நேரம் சொன்னீங்களே, அவரு யாருன்னு எனக்குத் தெரியலீங்க."

சொல்லிவிட்டு இறங்கினாள். கூட்டத் தலைவர் எழுந்து, தொண்டையைச் செருமி, மைக்கைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அம்மையார் துக்கத்தால் நெஞ்சடைத்துப் பேசுகிறார்கள். வாத்தியாருடைய மேன்மை சாமான்யர்களால் அறிய முடியாதது என்பதுதான் அவர்கள் சொன்னதன் கருத்து."

பலத்த கைதட்டல். சௌந்திரம் அதைக் கேட்கவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பஸ் நிலையத்தைப் பார்த்து நடந்துவிட்டிருந்தாள்.